அப்பா மல்லாந்து கிடந்த நாட்கள்

என் அப்பாவுக்கு ஒரு கண்தான். இடது கண் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. லாரியில் கட்டியிருந்த கயிறு அறுந்து, அதன் நுனியில் இருந்த இரும்புக் கொக்கி வந்து அடித்ததாகச் சொல்வார். அதற்குப் பிறகும் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் முப்பது வருடம் மூட்டை தூக்கினார். மிச்சமிருந்த வலது கண்ணால்தான் எனக்குப் பாத்திரத்தில் சோறு இருக்கிறதா என்று பார்த்தார், என் கல்லூரி விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கும் இடத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது.

புரை என்பது கண்ணுக்கு உள்ளே இருக்கும் வில்லை மங்கிப்போவது. அந்த வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் செய்துகொண்டு, மறுநாளே கறுப்புக் கண்ணாடியோடு டீக்கடைக்கு வந்தவர்கள்தான். அப்பா மட்டும் தள்ளிப்போட்டார். சின்ன வெங்காய வரத்து முடியட்டும் என்றார். பிறகு தக்காளி வரத்து. கடைசியில் லாரிக்கும் தரைக்கும் நடுவில் போட்ட பலகையில் கால் வைக்கத் தெரியாமல் மூட்டையோடு சரிந்த அன்றுதான் ஒத்துக்கொண்டார்.

தென்காசியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அப்பாவின் வில்லை கருப்பட்டி நிறத்துக்கு முற்றி, கல்லாகிவிட்டது என்றார் டாக்டர். "ஒரே கண்ணு. ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க" என்றார். நான் தலையாட்டினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் எல்லாவற்றிலும் நான் முன்னால் நிற்பேன், அப்பாவும் அம்மாவும் எனக்குப் பின்னால் நிற்பார்கள். அன்றும் அப்படித்தான் நின்றோம்.

ஆபரேஷன் அன்று காலை பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் பச்சைத் தொப்பி. எந்தக் கண் என்று தெரிய அந்தப் புருவத்துக்கு மேலே ஒரு ஒட்டு. அப்பா நாலாவதாக உள்ளே போனார். ஐந்தாவது ஆள் வெளியே வந்தார். ஆறாவது வந்தார். ஏழாவதாகப் போன ஆச்சி வெளியே வந்து, பிஸ்கட் சாப்பிட்டு, வீட்டுக்கே கிளம்பிவிட்டார். இருபது நிமிஷ வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அம்மா சேலை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கே ஒன்றும் தெரியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல?

ஊசி போட்டு மரத்துப்போன கண்ணோடு விழித்தபடி படுத்திருந்த அப்பா பிறகு சொன்னது: "மொதல்ல டாக்டரு நல்லா பேசிக்கிட்டே இருந்தாரு. தக்காளி என்ன வெலைன்னுகூடக் கேட்டாரு. திடீர்னு பேச்சு நின்னுட்டு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, மூட்ட எங்கனயோ இடிச்சிட்டுன்னு."

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் சொன்னதை இப்போது எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் வாட்சுக் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான தோல் உண்டு. அதைக் கருவிழித் தோல் என்கிறார்கள். பார்க்க ஒரே தோல் மாதிரி இருந்தாலும் அது பல அடுக்கு. ஆக உள்ளே இருக்கும் அடுக்கு மிக மெல்லியது. கண்ணுக்குள் இருக்கும் நீர் அந்தத் தோலில் ஊறிவிடாமல் காப்பது அந்த அடுக்குதான். அப்பாவின் கல் வில்லையை உடைத்து எடுக்கும்போது, கருவி போய்வந்த இடத்தில் அந்த உள் அடுக்கு உரிந்து தொங்கிவிட்டது. அப்படியே விட்டால் ஈரம் ஏறிய சுவர் மாதிரி கண்ணாடித் தோல் ஊறி வெளுத்துவிடும். வில்லை நன்றாக இருந்தும் பார்வை இருக்காது.

"வெங்காயத்துக்கு உள்ள ஒரு சவ்வு இருக்கும்ல, அது மாதிரிதான்" என்றார் டாக்டர், படுத்திருந்த அப்பாவுக்கும் கேட்கும்படி.

"சின்ன வெங்காயமா, பல்லாரியா?" என்றார் அப்பா.

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "பல்லாரிதான் அண்ணாச்சி."

உரிந்த அடுக்கை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழி ஏற்றியிருந்தார். மூன்று நாள் மல்லாந்தே படுத்திருந்தால் குமிழி மேலே எழும்பி, அந்த அடுக்கை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். கழுவவும் சாப்பிடவும் மட்டும் எழுந்திருக்கலாம். இதை எல்லாம் அவர் பாதி இங்கிலீஷில் சொன்னார். நான் "யெஸ் டாக்டர், ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். அதுவும் இங்கிலீஷ். வெளியே வந்தபோது நர்ஸ் சொன்னார், "அம்மாவக் கூப்பிடுங்க, ஒரு தடவ விளக்கிடுதேன்."

"வேண்டாம் சிஸ்டர். நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

அன்று இரவு ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அப்பா திரும்பாமல் கிடந்தார். ஆனால் மூட்டை தூக்குகிறவர்கள் மல்லாந்து படுக்க மாட்டார்கள். முதுகெலும்பு வளைந்து, இடுப்புக்கு மேலே பள்ளமாகி, மல்லாந்தால் அந்தப் பள்ளம் இழுக்கும். சந்தையில் லாரி வராத நேரத்தில் பார்த்தால் எல்லாரும் சாக்கு அடுக்கின் மேல் முகத்தைப் புதைத்துக் குப்புறத்தான் தூங்குவார்கள். வீட்டிலும் அப்பா அப்படித்தான். அந்த ராத்திரி முழுக்க "எப்ப விடியும், எப்ப விடியும்" என்றுதான் முனகினார்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவின் பின் சீட்டில் அப்பாவைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பாவூர்சத்திரம் வந்து சேர்ந்தோம். தாளை மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணுக்குள்ள காத்து வச்சிருக்காவ. எந்திரிக்காம படுத்திருக்கணும். சொட்டு மருந்த நேரத்துக்கு விடணும்."

ஏன் என்று அம்மா கேட்க வாயெடுத்தாள். "அதெல்லாம் உனக்குச் சொன்னா வெளங்காதும்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. அது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். சீசன் ஆரம்பித்திருந்தது. சாரல் விழுந்தால் அறை கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வேலைக்குப் போனேன். மத்தியானம், ஐந்தருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏட்டி, அப்பா கண்ணு வலிக்குதுன்னு கத்துதாக. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாக. சீக்கிரம் வாட்டி" என்றாள் அம்மா.

நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். பஸ் ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடித்தது. சீட்டில் இருந்த பெண்கள் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையில் இருந்த தாளை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். குப்புறப் படுக்கவே கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் அடுத்த வீடு செய்யது அண்ணாச்சி வீடு. துபாயில் இருந்தபோது அவருக்குக் கண்ணின் பின்புறத் திரை கிழிந்து, ஊருக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டார். அவர் கண்ணுக்குள்ளும் காற்றுதான் வைத்தார்கள். அது பின்பக்கத்து நோய், அதனால் குமிழி பின்பக்கம் போய் அழுத்த வேண்டும். அதற்காகப் பத்து நாள் குப்புறப் படுத்தே கிடந்தார். தெருவே அதைப் பார்த்திருக்கிறது. அப்பாவுக்குக் கண்ணில் காற்று என்று தெரிந்ததும் அவர் மனைவி பாத்திமா அக்கா பரணில் இருந்த ஒரு தலையணையைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முகம் வைக்க நடுவில் பள்ளம் விட்ட தலையணை. கூடவே ஒரு செம்பு கஞ்சியும்.

"எங்க வீட்டுல இதுலதான் படுத்தாக. காத்து வச்சா குப்புறத்தான் படுக்கணும் மதினி. ஒங்க மவ சொல்லலியா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் அம்மாவிடம் குப்புற என்றும் சொல்லவில்லை, மல்லாக்க என்றும் சொல்லவில்லை. மல்லாந்துதான் கிடக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு நாள் மல்லாந்து கிடந்த முதுகு அவருடையது. "அவங்க அனுபவப்பட்டவங்கதான" என்று சந்தோஷமாகத் திரும்பிப் படுத்து, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்கியிருக்கிறார். இரண்டு மணி நேரம். அதற்குள் குமிழி கருவிழித் தோலை விட்டு விலகி உள்ளே நழுவி, கண்ணின் நீர் போகும் வழியை அடைத்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது.

டாக்டர் கண்மணியை விரிக்க மருந்து விட்டு, அழுத்தம் குறைய ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்துக் காத்திருந்தார். ஸ்கேனில் அந்த உள் அடுக்கு மறுபடி தொங்குவது தெரிந்தது, வெள்ளைக் கோடு ஒன்று மேலே, கீழே ஒன்று, நடுவில் கறுப்பாக இடைவெளி.

"யாரு குப்புறப் படுக்க வச்சது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மாதான் டாக்டர். அவங்களுக்குப் படிப்பு கிடையாது" என்றேன்.

அம்மா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். நர்ஸும் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் என்னால் யார் கண்ணையும் பார்க்க முடியவில்லை.

மதுரையில் இருந்து வாரம் ஒருமுறை ஒரு கருவிழி டாக்டரம்மா வருவார். அவர் வரும் வரை இரண்டு நாள் வார்டில் காத்திருந்தோம். காப்பீட்டு அட்டையில் எதுவரை வரும், எது வராது என்று ஒவ்வொரு கவுண்டராக நின்றேன். அந்த அலுப்பை இங்கே எழுதிப் பயனில்லை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த டாக்டர் அப்பாவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் அம்மாவையும் உட்கார வைத்து நல்ல தமிழில் சொன்னார். காற்றுக்குப் பதில் இந்த முறை சீக்கிரம் கரையாத ஒரு வாயுவை வைப்பார். முதல் சில நாள் இரவும் பகலும் மல்லாந்து, பிறகும் வாயு கரையும் வரை பெரும்பாலான நேரம் மல்லாந்து. ஒட்டினால் பார்வை வரும். ஒட்டாவிட்டால் இறந்தவர் ஒருவர் தானம் தந்த கருவிழித் தோலை வைத்துத் தைக்க வேண்டியிருக்கும், அதற்குக் காத்திருக்க வேண்டும், ஒரே கண் என்பதால் அந்தக் காலம் முழுவதும் அப்பா இருட்டில் இருப்பார்.

இருட்டு என்ற சொல்லில் அம்மா தலை நிமிர்த்தினாள். அதுவரை என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தவள் முதல் முறையாக என்னைத் தாண்டி டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

"மல்லாக்கப் படுத்தா எப்பிடிம்மா ஒட்டும்?"

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். கொஞ்சம் நீரைக் கொட்டி மூடியைத் திருகினார். படுக்கப்போட்டார். உள்ளே இருந்த காற்று மேல்பக்கம் போய் நின்றது. புரட்டினார். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்துக்கே காற்று ஓடியது.

அம்மா பாட்டிலை வாங்கி, தானே ஒருமுறை புரட்டினாள். "அப்பம் கண்ணாடித் தோலு மேல இருக்கணும். காத்து அத முட்டுக் குடுத்துப் புடிச்சிருக்கும். கவுத்தா காத்து முதுகுப் பக்கமா போயிரும். செய்யது அண்ணாச்சிக்கு ஒட்ட வேண்டியது முதுகுப் பக்கம். அதான் அவுக கவுந்தாக."

"அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டர்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "படிக்கலன்னு நீ சொன்னது நெசந்தான். ஆனா சொன்னா வெளங்கும்லா எனக்கு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

நான் நர்ஸிடம் போனேன். "சிஸ்டர், அன்னைக்கு நான் அம்மாகிட்ட சரியாச் சொல்லல" என்றேன். "தெரியும்" என்றார். பிறகு, "போய் மொதல்ல ஆபரேஷன் செஞ்ச டாக்டர்கிட்டயும் சொல்லிரு. பாவம், அம்மாவத்தான் மனசுல வச்சிருப்பாரு" என்றார். சொன்னேன். ஆபரேஷன் அறையின் வாசலில் நின்று, பச்சை உடுப்போடு அவசரத்தில் இருந்த அவரிடம் தமிழில்தான் சொன்னேன்.

வாயு ஏற்றி முடித்ததும் அப்பாவின் முதுகைப் பற்றி அம்மாதான் முதலில் யோசித்தாள். வீட்டில் இருந்து அப்பாவின் சும்மாடுகளைக் கொண்டுவரச் சொன்னாள். மூட்டை அழுத்தாமல் இருக்கத் தலையில் வைக்கும் சுருட்டிய துணி அது. மூன்று கொண்டுவந்தேன், வெந்நீரில் அலசி, காயவைத்து. ஒன்றைப் பிரித்து மடித்து இடுப்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் வைத்தாள். மற்ற இரண்டையும் தலைக்கு இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்தாள், தூக்கத்தில் தலை சாயாமல் இருக்க. அப்பா நீளமாக மூச்சு விட்டார்.

"இப்ப எப்பிடி?"

"லோடு எறங்குன மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்த பிறகும் அதே ஏற்பாடுதான். மொத்தம் பதினோரு நாள். பகலில் அம்மா, வேலை முடிந்து வந்ததும் நான். பாத்திமா அக்கா அழுதுகொண்டே வந்து தலையணையைத் திரும்ப எடுத்துப்போனார். அம்மா அவரை உட்கார வைத்து, ஒரு சோடா பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள். அதன் பிறகு அவர்தான் அப்பா லேசாகத் தலையைத் திருப்பினாலும் ஜன்னல் வழியே "அண்ணாச்சி, மேல பாருங்க!" என்று சத்தம் போடுவார்.

சந்தையில் இருந்து அப்பாவின் கூட்டாளி சுடலை மாமா வந்தார். "நூறு கிலோ மூட்டயச் சொமந்த ஆளு, ஒரு காத்தச் சொமக்க முடியாம படுத்துக் கெடக்கீரு" என்றார்.

"மூட்டையின்னா எறக்கி வச்சிருவேன்லே. இத எங்கன எறக்கி வைக்க?" என்றார் அப்பா.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாக இல்லை. கண்ணில் கட்டு, காதில் மின்விசிறிச் சத்தம், முதுகில் வலி. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, "போதும்டி, போனா போவட்டும்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் உள்ளங்கையை விரித்து அதில் தண்ணீர் பாட்டிலை வைத்தாள். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தார். சாரல் விழுகிறதா என்று கேட்டார். விழுகிறது என்றேன். ஜன்னல் வழியே கையை நீட்டி நனைத்து வந்து அவர் கால் பாதத்தில் தடவினேன். கண் பக்கம் தண்ணீர் ஆகாது.

ஒன்றரை மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. வாயு முழுவதும் கரைந்துவிட்டது. ஸ்கேனில் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன. ஓரத்தில் மட்டும் சிறிய சுருக்கம், அது அப்படியே இருக்கும் என்றார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு அட்டை உண்டு. மூன்று கால் உள்ள ஒரு குறி, மேலே, கீழே, இடம், வலம் என்று திரும்பித் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். வரிசை இறங்க இறங்கக் குறி சிறிதாகும். முதல் ஆபரேஷன் முடிந்த வாரத்தில் அப்பாவுக்கு முகத்துக்கு எதிரே நீட்டிய விரலைக்கூட எண்ணத் தெரியவில்லை. இப்போது லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிற மாதிரியே கையை வீசினார். "ரைட்டுல. மேல. லெப்டு. கீழ, கீழ." நாலு வரிசை போனார். ஐந்தாவதில் கை நின்றது. "தெரியல" என்றார். நாலு வரிசை போதும் என்றார் டாக்டர், இந்தக் கண்ணுக்கு அதுவே பெரிது. மூட்டை தூக்குவது இப்போதைக்குக் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா எதிரே இருந்த மலையைப் பார்த்தார். பாதி மேகத்துக்குள் இருந்தது. "தண்ணி நல்லா விழும்" என்றார். நான் பார்க்காமலேயே ஆமாம் என்றேன், அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் தூரத்தில் வந்தது. அம்மா கேட்டாள்: "ஏட்டி, இனி ஒங்கப்பா குப்புறப் படுக்கலாமா?"

படுக்கலாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். வாயுதான் இல்லையே, படுத்தால் என்ன? ஆனால் அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"காலேஜு படிச்ச புள்ளைக்கே தெரியலியா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. இங்கனயே நில்லுங்க. கேட்டுட்டு வாரேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் அடித்தார். அம்மா அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் ஆஸ்பத்திரிப் படியேறினேன்.